சுமத்திரா ஆடினால் என் வீடும் ஆடும்

இருபத்தோராவது மாடியை விட்டு ஏன் இறங்கினாய் என்று கேட்காத ஆள் இந்த ஊரில் பாக்கியில்லை. கோயிலில் கேட்கிறார்கள். காப்பிக் கடையில் கேட்கிறார்கள். முடி வெட்டப் போனால் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு அங்கேயும் கேட்கிறார்கள். ஒருவரிடம் மூட்டு வலி என்றேன். இன்னொருவரிடம் லிப்ட் அடிக்கடி கெட்டுப்போகிறது என்றேன். சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவர்களைப் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கலாம்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கையில் ஒன்றும் இல்லாமல் பினாங்குத் தீவுக்கு வந்து, தவுக்கே என்று கூப்பிடும் சீன முதலாளி ஒருவரிடம் சிமெண்டு குழைக்கச் சேர்ந்தேன். அப்புறம் டைல் ஒட்டக் கற்றேன். அப்புறம் ஆள் வைத்து ஒட்டினேன். ஜார்ஜ் டவுனிலிருந்து பாயான் லெப்பாஸ் வரைக்கும் எத்தனை வீட்டுக்காரர்கள் காலையில் எழுந்து என் தரைமேல் காலை வைக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. வங்கிகளில் ஒட்டியிருக்கிறேன், மருத்துவமனையில் ஒட்டியிருக்கிறேன். தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். உருண்டால் என் வேலை இல்லை.

தரையை நம்பிப் பிழைத்தவன் ஆகாயத்தில் வீடு வாங்கினேன். கடலை மண்கொட்டி நிரப்பிய இடத்தில் எழுந்த கட்டடம். பின்னால் மலை தெரியும், முன்னால் கப்பல் போவது தெரியும். எங்கள் பரம்பரையில் யாரும் அவ்வளவு உயரத்தில் படுத்துத் தூங்கியதில்லை. பால் காய்ச்சிய அன்று வந்தவர்களை எல்லாம் பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். தலை சுற்றுகிறது என்று சொன்னவர்களையும் விடவில்லை.

அன்றைக்கு ஒரு குறை. புதுவீட்டுக்கு மாடு கொண்டுவர வேண்டும் என்று என் வீட்டுக்காரி பிடிவாதமாக இருந்தாள். ஏற்பாடு செய்தேன். கன்றோடு ஒரு பசு லாரியில் வந்து இறங்கியது. கட்டட நிர்வாகத்து அம்மா ஓடி வந்து லிப்ட் வாசலில் கையை விரித்து நின்றுவிட்டார்.

"பியானோ ஏத்துறீங்க, பசு ஏத்தக் கூடாதா?" என்று மலாயில் கேட்டேன்.

"பியானோ சாணி போடாது, அங்கிள்" என்றார் அவர்.

கடைசியில் கீழே கார் நிறுத்தும் இடத்தில், இரண்டு காருக்கு நடுவே, மஞ்சள் குங்குமம் வைத்துப் பூசையை முடித்தோம். நான் அதை அன்றே மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

முதல் ஆட்டம் ஒரு மத்தியானம் வந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். படகில் படுத்திருப்பதுபோலக் கட்டில் மெதுவாக ஒரு பக்கம் போய், யோசித்துவிட்டு, மறுபக்கம் வந்தது. எனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. மாத்திரை போட மறந்துவிட்டேனோ என்றுதான் நினைத்தேன். அப்போது அவள் கூப்பிட்டாள்.

"என்னங்க! இங்க வந்து பாருங்க!"

சாமி அறையில் சங்கிலியில் தொங்கும் விளக்கு ஊஞ்சல் மாதிரிப் போய்ப்போய் வந்தது. எண்ணெய் தரையில் சிந்தியிருந்தது. சாமி படம் எதுவும் விழவில்லை, ஒரு டம்ளர் உருளவில்லை. அந்த விளக்கு மட்டும், யாரோ கையால் ஆட்டிவிட்டதுபோல, சாவகாசமாக ஆடிக்கொண்டிருந்தது. அதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. தடதடவென்று ஆடியிருந்தால்கூடப் பயந்து, அழுது, தெளிந்திருப்பாள்.

எல்லாரும் படியில் இறங்கினோம். துண்டோடு வந்தவர் உண்டு, தலையில் ஷாம்பூ நுரையோடு வந்தவர் உண்டு. கீழே காவல்காரர் மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, மேலே கல்யாணமா என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருடைய மேசைமேல் இருந்த தேத்தண்ணீர்கூட அலுங்கவில்லையாம். சுமத்திராவில் நிலநடுக்கம் என்று பிறகுதான் கைபேசிகளில் செய்தி வந்தது.

அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று. கட்டிலில் உட்கார்ந்தே இருப்பாள். "ஆடுதாங்க?" "ஆடலம்மா." கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?" "இல்லம்மா, படு." நானும் தூங்கவில்லை. வேலைத்தளத்தில் நின்றுகொண்டே கண்ணயர்ந்தேன்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைகளால்தான் நான் முன்னுக்கு வந்தேன் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். கொத்து வேலைக்காரன் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு வைத்திருப்பான். நூலில் கட்டிய பித்தளைக் குண்டு. அதைக் கூடத்து நடுவில் மேற்கூரையிலிருந்து தொங்கவிட்டேன். அதற்கு நேர் கீழே தரையில் பென்சிலால் ஒரு புள்ளி.

"இதப் பாரு. குண்டு புள்ளிமேல நின்னா வீடு நிக்குதுன்னு அர்த்தம். சும்மா என்னைக் கேக்காத, இதைக் கேளு" என்றேன்.

தூக்குக்குண்டு முன்னால் ஒருத்தியை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அவள் சமைப்பதை விட்டாள், நாடகம் பார்ப்பதை விட்டாள். நாற்காலியைப் போட்டுக்கொண்டு குண்டையே பார்த்தாள். மழைக்காற்று அடித்தால் உயரமான கட்டடம் மயிரிழை அசையத்தான் செய்யும். காற்றாடி போட்டாலும் நூல் அசையும். கதவைச் சாத்தினாலும் அசையும். ஒவ்வொரு தடவையும் "என்னங்க!" அவள் பயத்துக்கு நானே ஒரு மீட்டர் மாட்டிக் கொடுத்திருந்தேன்.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பையில் நாலு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். ஒற்றைத் தட்டு வீடு. சண்டை போடவில்லை, கோபமும் இல்லை. "நான் கொஞ்சம் தூங்கிட்டு வர்றேங்க" என்றாள். அவ்வளவுதான். போனவள் திரும்பவில்லை.

என் வயதில் ஒருவன் தனியாக இருபத்தோராவது மாடியில் சோறு வடித்துக்கொண்டு நிற்பது என்பது களைப்பான காரியம். அவளை எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அதற்கு முதலில் ஏன் ஆடியது என்று எனக்குத் தெரிய வேண்டும். பாயான் லெப்பாஸில் என் மகள் இருக்கிறாள். மின்னணுத் தொழிற்சாலையில் என்ஜினியர்; நான் ஒட்டிய டைலில் படித்த படிப்பு. அவளிடம் போனேன்.

"அப்பா, எங்க பேக்டரியில அன்னிக்கு ரெண்டு மெஷின் தானா நின்னுருச்சு. எங்க யாருக்கும் ஒண்ணும் தெரியல. மெஷினுக்குத் தெரிஞ்சிருச்சு" என்றாள்.

பிறகு தாளில் படம் போட்டாள். பூமியின் மேல்தோடு ஒரே துண்டாக இல்லை, பெரிய பெரிய தட்டுகளாக இருக்கிறது, நகம் வளர்கிற வேகத்தில் நகர்கிறது, சுமத்திராவுக்கு மேற்கே கடலடித் தட்டு ஒன்று தீவுக்கு அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது என்று சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது. படித்தவர்களுக்குப் படம் வேண்டும். எனக்கு டைல் போதும்.

இடைவெளி விடாமல் டைலை நெருக்கி ஒட்டினால் என்ன ஆகும்? வெயிலில் ஒவ்வொன்றும் கொஞ்சம் விரியும். போக இடம் இல்லை. ஒன்றையொன்று நெருக்கும். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காது. வீட்டுக்காரன் மேலே நடமாடிக்கொண்டிருப்பான். ஒருநாள் மத்தியானம் 'டப்'பென்று வெடி போட்டதுபோல ஒன்று தூக்கிக்கொண்டு அடுத்ததன்மேல் ஏறும். வீடே அதிரும். நிலநடுக்கம் அதுதான். நெருக்குவது நாள் பூராவும் நடக்கிறது, விடுபடுவது ஒரு நொடியில் நடக்கிறது.

"அப்படின்னா எரிமலை?" என்று கேட்டேன்.

கீழே நுழைகிற தட்டு கடலில் ஊறியது, ஆழத்துக்குப் போகப்போகச் சூட்டில் அதிலிருக்கும் நீர் பிரிந்து வெளியே வருகிறது, அந்த நீர் பட்டால் மேலே இருக்கிற சூடான பாறை எளிதாக உருகிவிடுகிறது, உருகினது லேசாக இருப்பதால் மேலே ஏறிப் பொத்துக்கொண்டு வருகிறது என்றாள். அதனால்தான் சுமத்திராவின் நீளத்துக்கும் வரிசையாக எரிமலை. பினாங்கு தட்டின் ஓரத்தில் இல்லை, உள்ளே தள்ளி இருக்கிறது. இங்கே எரிமலை கிடையாது.

"சரி, நம்ம கீழ ஒண்ணும் வெடிக்கல. அப்புறம் எதுக்கு என் வீடு ஆடுது? காவக்காரன் தேத்தண்ணி ஆடலையே?"

"தூரத்துலேர்ந்து வர்றப்ப, வேகமா படபடன்னு ஆடுற அதிர்வு எல்லாம் வழியிலேயே செத்துரும்ப்பா. மெதுவா ஆடுறது மட்டும்தான் இவ்ளோ தூரம் வந்து சேரும். சின்ன வீட்டுக்கு அது புரியாது. உசரமான கட்டடம் தானா அசைஞ்சாலும் மெதுவாத்தான் அசையும். ரெண்டும் ஒரே தாளம். சேந்து ஆடும். அதோட உங்க கட்டடம் நிக்கிறது நிரப்பின மண்ணுல, அது இன்னும் கூட்டிக் குடுக்கும்."

இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். வாளியில் தண்ணீர் தூக்கிச் சாரத்தில் ஏறியவன் நான். குடுகுடுவென்று சிறு அடி வைத்தால் தண்ணீர் நடுங்கும், சிந்தாது. ஒரு மாதிரியான நிதான நடை உண்டு. அந்த நடையில் போனால் தண்ணீரும் காலோடு சேர்ந்துகொண்டு பாதி வாளி கால்மேல் விழும். சுமத்திராவின் நடையும் என் கட்டடத்தின் நடையும் ஒன்று. அவ்வளவுதான் விஷயம்.

"விழுந்துருமா?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"இந்த மாதிரி ஆட்டத்துக்கு விழாதுப்பா. ஆடத் தெரிஞ்சிருக்கிறதுதான் அதுக்கு நல்லது. ஆனா அம்மாவை ரொம்பக் கட்டாயப்படுத்தாதீங்க" என்றாள். அந்தக் கடைசிப் பேச்சு என் காதில் ஏறவில்லை.

மறுநாளே பெர்ரி பிடித்து அக்கரைக்குப் போனேன். மச்சினிச்சி கோப்பி கலந்து கொடுத்தாள். என் வீட்டுக்காரியின் முகம் தெளிந்திருந்தது. அது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது. இரண்டு பேரையும் உட்கார வைத்து, டைல், வாளி, தட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். பள்ளிக்கூட வாத்தியார் யாராவது கேட்டிருந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். கீழ்த்தளத்தில் ஆட்டமே இல்லை, அதனால் அடித்தளத்துக்கு ஒரு கேடும் இல்லை என்று முடித்தேன்.

மச்சினிச்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்தான், ஒண்ணு கேக்கவா? கோச்சுக்கக் கூடாது."

"கேளு."

"அன்னிக்கி மாடு எங்க நின்னுச்சு?"

"கார் நிறுத்துற எடத்துல."

"கார் நிறுத்துற எடம் ஆடுச்சா?"

"அதான் சொன்னேனே. கீழ ஆடாது."

"மாடு வராத எடம் எது?"

"மேல, வீடு."

"அது ஆடுச்சுல்ல?" என்றாள். "நீங்க சொல்றதைத்தான் நானும் சொல்றேன் அத்தான். மாடு நின்ன எடம் நிக்குது, நிக்காத எடம் ஆடுது."

வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நான் எத்தனையோ பெரிய கொந்திராக்டர்களிடம் வாதாடி ஜெயித்தவன். நான் கொண்டுவந்த அத்தாட்சியையே எடுத்து மச்சினிச்சி தன் பக்கம் வைத்துக்கொண்டாளே, என்ன செய்வது?

தோற்றுப்போன மனுஷன் அதிகமாகப் பேசுவான். நானும் பேசினேன். "நம்ம தீவு சாதாரணத் தீவு இல்ல. பினாங்கு மலை மொத்தமும் கருங்கல்லு. ஒரு காலத்துல பூமிக்குள்ள நெருப்புக் குழம்பா இருந்து, வெளிய வராமலே உள்ளுக்குள்ள ஆறி இறுகினது. அம்புட்டு உறுதி" என்றேன். இதுவும் மகள் சொன்னதுதான். வீட்டுக்காரிக்குத் தைரியம் கொடுக்கத்தான் சொன்னேன்.

"நெருப்புக் குழம்பா?" என்று எழுந்துவிட்டாள் என் வீட்டுக்காரி. "மலைக்குள்ளயா? நம்ம பால்கனிக்குப் பின்னால தெரியுதே, அந்த மலையா?"

"ஆறிப்போச்சும்மா. எத்தனையோ கோடி வருஷமாச்சு."

"ஆறினது எல்லாம் ஆறிட்டுதான்னு யாரு தொட்டுப் பாத்தா?" என்றாள் மச்சினிச்சி.

கோப்பியைக் குடித்துவிட்டுப் பெர்ரிக்கு நடந்தேன். பக்கத்தில் ஒருத்தர் என்னைப் பார்த்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார். சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

பிறகு பல ஞாயிறுகள் அப்படியே போயின. போவேன், சாப்பிடுவேன், பேசுவேன், தனியாகத் திரும்புவேன். குண்டை அவிழ்த்துவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். விளக்கையும் சங்கிலியிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டேன் என்றேன். "தூக்கம் வருதுங்க இங்க" என்பாள். ஒரு மனுஷிக்குத் தூக்கம் வருகிற இடத்திலிருந்து கிளம்பு என்று எப்படிச் சொல்வது?

மச்சினிச்சி மகளின் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை எடுக்க என் வீட்டுக்காரி ஒருநாள் காலையில் மாடி வீட்டுக்கு வந்தாள். வரும்போதே, "எடுத்துட்டுப் போயிருவேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். அலமாரியைத் திறந்து சேலைகளைக் கட்டில்மேல் பரப்பினாள். நான் அறை வாசலில் நின்று, இந்த வீட்டை வாங்கியதிலிருந்து அன்றுவரை சொன்னதையெல்லாம் மறுபடியும் சொல்லத் தொடங்கினேன். பாதியில் கதவு என் தோளில் மெதுவாக வந்து இடித்தது. திரும்பிப் போனது. மறுபடி வந்து இடித்தது.

எனக்குத் தெரியும் அது என்ன என்று. தட்டு தெரியும், வாளி தெரியும், ஒரே தாளம் தெரியும். எல்லாம் தெரிந்தும் என்ன? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் ஒட்டிய தரை. உள்ளங்கையை அதன்மேல் அழுத்திவைத்துக்கொண்டேன், பிடித்தால் நிற்கும் என்பதுபோல.

அவள் சேலையைக் கீழே போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமில்லைங்க. தூரத்துலேர்ந்து வருது. வேகமா வந்ததெல்லாம் வழியிலயே போயிருச்சு. இது மெதுவா வர்றது. வந்துட்டுப் போயிரும்" என்றாள். நான் அக்கரையில் சொன்ன சொற்கள். ஒன்று பிசகவில்லை. அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. முதல் நாளே புரிந்திருக்கிறது.

நின்ற பிறகு படியில் இறங்கினோம். லிப்டில் போகக் கூடாது. அத்தனை படிகள், என் வயதுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் தண்டனை. நடுவில் ஒரு திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கையில் நாய்க்குட்டியோடு எங்களைத் தாண்டி வேகமாக இறங்கிப் போனார்.

"புரிஞ்சிருக்கே உனக்கு. அப்புறம் ஏன் வரமாட்டேங்குற? மாடு வரலைன்னா?" என்று கேட்டேன்.

"மாட்டை விடுங்க. அது தங்கச்சி பேச்சு." சுவரில் சாய்ந்துகொண்டாள். "விழாதுன்னு எனக்குத் தெரியுங்க. விழும்னு நான் பயப்படல. ஆனா இங்க இருந்தா தினமும் தைரியமா இருக்கணும். காலையில எந்திரிச்சா தைரியம், குளிக்கறப்ப தைரியம், படுத்தா தைரியம். எனக்கு முடியலைங்க. வயசாச்சு. சும்மா இருக்கணும்போல இருக்கு."

நான் அந்தப் படியில் உட்கார்ந்து யோசித்தேன். வாழ்நாள் முழுக்க நானும் தினமும் தைரியமாகத்தான் இருந்திருக்கிறேன். சாரத்தில் தைரியம், தவுக்கேயிடம் தைரியம், படித்தவர்கள் நடுவில் தைரியம். அதில் எவ்வளவு களைத்திருக்கிறேன் என்று அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தவன் யார்? நான்தானே.

"சரி. கீழ வீடு பாப்போம்" என்றேன்.

"உங்களுக்கு அந்தக் கடலு?"

"கடலு எங்கயும் போகாது. எந்திரி. இல்ல, நீ எந்திரி, அப்புறம் என்னைத் தூக்கு."

மாடி வீட்டை மகளின் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு சின்னக் குடும்பம் வாடகைக்கு எடுத்திருக்கிறது. ஆட்டம் வந்தால் கைபேசியில் படம் பிடிக்கிறார்களாம். நாங்கள் ஜெலுத்தோங்கில் ஒரு பழைய வரிசை வீட்டில், தெருவோடு தெருவாக இருக்கிறோம். தரை ரொம்ப மோசம். எவனோ இடைவெளி விடாமல் ஒட்டியிருக்கிறான். நடு அறையில் ஒரு வரிசை இப்போதே பொக்கென்று ஒலிக்கிறது. பெயர்த்து மறுபடி ஒட்ட வேண்டும். உடம்புதான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது.

போன மாதம் மகள் போன் பண்ணினாள். "அப்பா, இப்பதான் ஆடுச்சு, மெஷின் நின்னுருச்சு. அங்க எப்படி?" என்றாள். நான் எழுந்து நின்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கூரைகளுக்கு மேலே எங்கோ என் வீடு ஆடிக்கொண்டிருந்திருக்கும். ஒரு நிமிஷம் எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது, அதை மறைக்கவில்லை.

அறையை எட்டிப் பார்த்தேன். மத்தியான வெயில் சன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் ஒருக்களித்துப் படுத்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். எழுப்பிச் சொல்லவில்லை.